மரியாதையாகத் தள்ளிவைத்தேன்

சோற்று டப்பாவை எடுக்கும்போது அக்காவின் வயர்கூடையிலிருந்து அந்த மாத்திரை அட்டை கீழே விழுந்தது. நான்தான் குனிந்து எடுத்தேன். எங்கள் ஊர் மண்ணரையில் ஒரு பனியன் கம்பெனியில் அப்போது நான் செக்கிங் சூப்பர்வைசர். அக்கா என் டேபிளில் நூல்பிசிறு வெட்டுபவள். கணவனை இழந்து, மகளோடு திருநெல்வேலிப் பக்கமிருந்து பிழைக்க வந்தவள். அவளுடைய இருமலைப் பஞ்சுத் தூசியால் வந்தது என்றே அதுவரை நினைத்திருந்தோம். “டிபி தாயி” என்றாள் தணிந்த குரலில். மருந்து தொடங்கி இரண்டு மாதமாகிறது, இனி யாருக்கும் ஒட்டாது, ஆனால் ஆறு மாதம் முடியும்வரை ஒரு நாளும் விடக் கூடாது என்று நர்சம்மா சொன்னதையும் சொன்னாள். “வெளிய சொல்லிராத, என்ன?” தலையாட்டினேன். சாயங்கால டீக்குள் டேபிள் முழுக்கத் தெரிந்துவிட்டது. என்னைத் தவிர வேறு யார் சொல்லியிருக்க முடியும்?

எங்கள் ஊர்க்காரர்கள் மரியாதைக்குப் பேர்போனவர்கள். திட்டினாலும் ‘ங்க’ போட்டுத்தான் திட்டுவோம். நன்றாக நெருங்கிய பிறகுதான் அது உதிரும். அக்காவை நான் “வாக்கா, போக்கா” என்றே கூப்பிடுவேன். அவள் டப்பாவிலிருந்து கருவாட்டைக் கேட்காமலே எடுத்துத் தின்பேன். மறுநாள், “ஏனுங்க, நீங்க அந்தக் கதவோரமா உக்காந்துக்குங்க, காத்தோட்டமா இருக்குமுங்க” என்றேன். யாரும் ஒரு கடுஞ்சொல் சொல்லவில்லை. அவள் டப்பாவைத் திறந்ததும் எங்கள் எல்லோருக்கும் ஏதோ வேலை வந்துவிடும், அவ்வளவுதான். அந்த நாட்களை நினைத்தால் எனக்கு இப்போதும் கூசுகிறது.

ஒரு வாரம் பொறுத்துப் பார்த்தாள். பிறகு என்னிடம் வந்து, “என்னைய ஏன் தாயி வாங்க போங்கன்னு கூப்பிடுத? பழையபடி கூப்பிடு” என்றாள். துணியில் ஓட்டை தேடுவதுபோலக் குனிந்துகொண்டேன். அடுத்த மாதம் என் முன்னால் கூடையைக் கவிழ்த்துக் காட்டினாள். “பாரு, மாத்திரை ஒண்ணுங் கெடையாது. நிறுத்திட்டேன். எனக்கு ஒரு சீக்கும் இல்ல.” நிறுத்தக் கூடாது என்பது எனக்குத் தெரியும்; அவளே சொன்னதுதானே. “ஐயோ அக்கா, மருந்தை விடாத” என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் பழையபடி பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட வேண்டிவருமோ என்று பயந்தேன். “சந்தோசமுங்க” என்றேன்.

மழைக்காலம் முடிவதற்குள் இருமல் திரும்பியது, இந்த முறை ரத்தத்தோடு. சொந்தக்காரர்கள் வந்து ஊருக்குக் கூட்டிப்போனார்கள். தை பிறப்பதற்குள் இறந்துவிட்டாள்.

அவள் மகள் இப்போது காதர்பேட்டையில் ஒரு பனியன் கடையில் வேலை செய்கிறாள். போன மாதம் என்னைத் தெருவில் பார்த்துவிட்டு ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள். “அம்மா மாத்திரைய ஏன் பாதியில விட்டான்னு ஒங்களுக்காவது தெரியுமா சித்தி?”

“எனக்கென்ன தெரியும் கண்ணு” என்றேன்.

அவள் கையை விடவில்லை. “கம்பெனியில ஒங்கள மாதிரி மரியாதையா யாரும் நடத்துனதில்லன்னு கடைசிவரை சொல்லிக்கிட்டே இருந்தா” என்றாள்.

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லி நான் கையை விடுவித்துக்கொண்டேன்.