வெள்ளிப் பெயிண்ட் அடித்த பிரேக் குழாய்

ஊரில் பாதிப் பேருக்கு அவர் 'பிரேக்கு'. மீதிப் பேரிடம் படகு இல்லை.

படகைக் காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துப் போகிற டிரெய்லர்களுக்கு பிரேக் பார்ப்பதுதான் அவர் தொழில். படகு தண்ணீரில் இறங்க வேண்டுமென்றால் டிரெய்லரும் சக்கரம் மூழ்க உப்புத் தண்ணீருக்குள் இறங்கியாக வேண்டும். வேறெந்த வண்டியையும் மனிதர்கள் வேண்டுமென்றே கடலுக்குள் விடுவதில்லை. இதற்கு மட்டும் அப்படியொரு தலையெழுத்து. படகைத் துடைத்துத் துடைத்துப் பளபளவென்று வைத்துக்கொள்வார்கள். அதைச் சுமக்கிற டிரெய்லருக்கு அடியில் எட்டிப் பார்க்கிற ஆள் இவர் ஒருவர்தான்.

பார்த்தால் சாவகாசமாகப் பார்ப்பார். அட்டையை விரித்து மல்லாந்து படுத்து, டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு, முன்கொக்கியிலிருந்து சக்கரம் வரை ஓடும் மெல்லிய இரும்புக் குழாயைக் கட்டைவிரல் நகத்தால் தடவிக்கொண்டே போவார். கிளிப் போட்ட இடங்களில் நகம் நிற்கும். தண்ணீர் தங்குவதும் அங்கேதான், துரு தின்பதும் அங்கேதான். அப்புறம் ரப்பர் ஹோஸை மடக்கிப் பார்ப்பார். வெடிப்பு தெரிந்தால் டார்ச்சை வாயிலிருந்து எடுத்துவிட்டு, "போச்சு" என்பார். அத்தோடு சரி. வந்த ஆளுக்கு ஆறுதல் சொல்கிற பழக்கமெல்லாம் கிடையாது.

இறக்கத்தில் டிரெய்லர் காரை முட்டித் தள்ளும்போது முன்கொக்கி உள்ளே அமுங்கி, குழாயிலிருக்கிற ஆயிலைத் தள்ளிச் சக்கரத்தைப் பிடிக்கும்; டிரெய்லர் பிரேக் என்பது அவ்வளவுதான். புதுக் குழாய் போட்டால் உள்ளே புகுந்த காற்றை வெளியேற்ற வேண்டும். அதற்கு ரெண்டு ஆள் தேவை. ஒருவர் முன்னால் கடப்பாரையைக் கொக்கியில் கொடுத்து அமுக்கிப் பிடிக்க வேண்டும். மற்றவர் சக்கரத்தடியில் சின்னத் திருகைத் திறந்து, ஆயிலும் குமிழியும் வந்ததும் மூட வேண்டும். அமுக்குவது அவர் மனைவி. கல்யாணமான புதிதில், வேலையாள் வராத ஒருநாள், "இதக் கொஞ்சம் பிடி" என்று கூப்பிட்டார். இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறாள். அவர்கள் வீட்டுப் பேச்சில் முக்கால்வாசி "அமுக்கு", "அமுக்கிட்டேன்", "விடு", "விட்டேன்" என்பதிலேயே முடிந்துவிடும்.

அந்தப் பேச்சும் ஒரு வாரமாக நின்று போயிருந்தது. காரணம் அவள் தம்பி.

மச்சினன் ஒரு பழைய படகை டிரெய்லரோடு வாங்கியிருந்தான். வருகிற ஞாயிற்றுக்கிழமை பெண்டாட்டி பிள்ளைகளோடு மலைச் சரிவில் இறங்கிக் கடற்கரைக்குப் போவதாகத் திட்டம். சும்மா ஒரு பார்வை பார்க்கச் சொல்லி டிரெய்லரைக் கொண்டுவந்து நிறுத்தினான். கொண்டுவருவதற்கு முன் அதற்கு வெள்ளிப் பெயிண்ட் அடித்திருந்தான். சட்டத்துக்கு அடித்தான், சக்கர மூடிக்கு அடித்தான், கை நின்றபாடில்லை, பிரேக் குழாய்க்கும் சேர்த்து அடித்துவிட்டான்.

"மூணு கோட்டு அத்தான். ஷோரூம்ல இருந்து எடுத்த மாதிரி இல்ல?"

அவர் அடியில் போய்விட்டு வந்தார். கையைத் துடைத்தார்.

"பொணத்துக்குப் பவுடர் போட்ட மாதிரி இருக்கு."

குழாயைத்தான் சொன்னார். ஆனால் பிள்ளைகள் ஏறப் போகிற பயணத்தில் அந்த வார்த்தையா என்று மச்சினன் முகம் சுண்டிப் போனது. நேரே வீட்டுக்குள் போய் அக்காவிடம் ஒப்பித்தான். பெயிண்டைச் சொல்லவில்லை. பிணத்தை மட்டும் சொன்னான். டிரெய்லரையும் இழுத்துக்கொண்டு போய்விட்டான்.

அன்றிலிருந்து அவள் கணவனிடம் பேசவில்லை. சோறு ஆறுகிறது என்பதைச் சட்டியிடம் சொன்னாள். கதவைச் சாத்தச் சொல்வதைக் கதவிடமே சொன்னாள். ஆனால் வேலையை விடவில்லை. அந்த வாரம் வந்த டிரெய்லர்களுக்கும் வந்து நின்று அமுக்கினாள். அமுக்கியதும் ஸ்பேனரால் சட்டத்தில் ஒரு தட்டு, விட்டதும் ரெண்டு தட்டு.

பார்த்துக்கொண்டிருந்த ஒரு வாடிக்கையாளர், "இது புது முறையாங்க?" என்று கேட்டார்.

"ஆமா," என்றார் பிரேக்கு.

அவள் பேசாமல் இருப்பதை அவர் எப்படியோ தாங்கிக்கொண்டார். சரிவில் படகின் மொத்தக் கனமும் முன்னால் தள்ளும்போது அந்தக் குழாய் தாங்காதே என்பதைத்தான் தாங்க முடியவில்லை. மச்சினனுக்குப் போன் போட்டுப் பார்த்தார். அவன் எடுக்கவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் அவனே வந்தான், அக்காவிடம் ஐஸ் பெட்டி வாங்கிப் போக. காருக்குப் பின்னால் டிரெய்லர், அதன்மேல் படகு. வண்டி உள்ளே வந்ததும் பிரேக்கு கேட்டைச் சாத்தி, அதன்மேல் சாய்ந்து நின்றுகொண்டார்.

"என்ன அத்தான், மறியலா?"

"ஒரு அமுக்கு அமுக்கிப் பாத்துட்டுப் போ."

"நீங்க அமுக்கினா எது தாங்கும்? உடையணும்னே அமுக்குவீங்க. அப்புறம் 'சொன்னேன்ல'ன்னு ஆரம்பிப்பீங்க."

"நான் தொடல. உங்கக்கா அமுக்கட்டும்."

அவள் ஐஸ் பெட்டியோடு வாசலில் நின்றிருந்தாள்.

"வாக்கா," என்றான் தம்பி. "நல்லா இருக்குன்னு உன் வாயால ஒரு வார்த்தை சொல்லிடு. இந்த மனுஷன் வழிய விடட்டும்."

"தள்ளுடா," என்று பெட்டியைக் கீழே வைத்தாள்.

டிரெய்லரைக் காரிலிருந்து கழற்றிச் சக்கரங்களுக்கு முட்டுக் கொடுத்தார்கள். அவள் கடப்பாரையைக் கொக்கியில் கொடுத்து அமுக்கினாள். வழக்கமாக அமுக்குகிற அளவுதான். பாதி தூரம் போய் நின்றது. மச்சினன், "பாத்தீங்களா" என்று ஆரம்பித்தான். அவள் கண்ணாலேயே அவனை அடக்கினாள். பிடியை விடவில்லை. சரிவில் ஒரு கார் எவ்வளவு நேரம் பிரேக் பிடிக்குமோ அவ்வளவு நேரம் பிடித்தாள். கடப்பாரை மெதுவாக, வெண்ணெயில் இறங்குகிற மாதிரி இறங்கத் தொடங்கியது. அடியில் 'பொத்'தென்று ஒரு சத்தம். ஒரு கிளிப்புக்குப் பக்கத்தில் வெள்ளிப் பெயிண்ட் கொப்புளமாக எழும்பி வெடித்து, பழுப்பு ஆயில் பீய்ச்சியடித்தது. மச்சினனின் ஷூவுக்கும் கொஞ்சம் பங்கு கிடைத்தது.

'சொன்னேன்ல' என்பது பிரேக்குக்குத் தொண்டை வரை வந்தது. விழுங்கிக்கொண்டார்.

அவள் தம்பியைப் பார்த்தாள். "பிள்ளைங்கள எங்கடா உக்கார வைக்கிறதா இருந்த?"

"பின் சீட்டுலக்கா."

"பிரேக் போனா இந்தப் படகு எங்க வந்து நிக்கும்?"

மச்சினன் படகைப் பார்த்தான், காரைப் பார்த்தான்.

"பின் சீட்டுலதான்க்கா," என்றான்.

அப்புறம் அவள் கணவன் பக்கம் திரும்பினாள். "நீங்களும் கொஞ்சம் மனுஷன் மாதிரி சொல்லியிருக்கலாம். 'குழாய் போச்சு, மாத்தணும்'னு சொன்னா வாயிலேருந்து முத்தா உதிர்ந்துடும்?"

"அதத்தான் சொன்னேன்."

"பொணம்னு சொன்னீங்க."

"விஷயம் ஒண்ணுதானே."

"போதும், வாய மூடுங்க. புதுக் குழாய் இருக்கா?"

"இருக்கு."

"அப்ப என்ன வேடிக்கை பாத்துக்கிட்டு? காலையில புறப்படணும்ல?"

துருப்பிடிக்காத செப்புக் கலவைக் குழாயை அளந்து வளைத்தார் பிரேக்கு. பழையதைக் கழற்றும் வேலை மச்சினனுக்கு. அட்டையில் மல்லாந்து படுத்து இழுத்தான். பெயிண்ட் தோல் மட்டும் கையோடு வந்தது, உள்ளே இருந்தது தவிடாக மூஞ்சியில் கொட்டியது. அதற்குமேல் ஷோரூம் பேச்சு வரவில்லை. ரப்பர் ஹோஸையும் மாற்றி, சாயங்காலம் காற்று எடுத்தார்கள்.

"அமுக்கு."

"அமுக்கிட்டேன்."

"விடு."

"விட்டேன். கல்லு மாதிரி நிக்குது."

மறுநாள் காலையில் மச்சினன், "நீங்களும் வாங்க அத்தான்" என்று கூப்பிட்டான். மரியாதைக்குக் கூப்பிட்டானா, பயத்தில் கூப்பிட்டானா தெரியவில்லை. பிரேக்கு முன் சீட்டில் ஏறிக்கொண்டார். பின்னால் அக்காவும் தம்பி பெண்டாட்டியும் பிள்ளைகளும் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள்.

சரிவு வந்தது. மச்சினன் பிரேக்கை மிதித்தான். கார் அடங்கியது. அடுத்த வளைவில் மறுபடி மிதித்தான். வாங்கிய நாளிலிருந்து, சின்ன இறக்கத்தில்கூட, பின்னாலிருந்து முதுகில் மோதுகிற மாதிரி ஒரு தள்ளல் வரும். இப்போது ஒன்றும் வரவில்லை. அவனுக்கு முகம் வெளுத்துவிட்டது.

"அத்தான், டிரெய்லர் இருக்கா? எங்கயாவது கழண்டு விழுந்துடுச்சா?"

பிரேக்கு திரும்பிப் பார்த்தார். பின் கண்ணாடி முழுக்கப் படகுதான் தெரிந்தது.

"இருக்கு," என்றார். "நீ ரோட்டப் பாரு."