கிண்ணத்தில் நாலு பல்

அமெரிக்காவில், வெர்மொண்டில் நான் மயக்க மருந்துத் தாதியாக இருந்தேன். ஆளை மயக்குவதும் எழுப்புவதும் என் பொறுப்பு. கலியாணம் கட்டி மொன்றியலுக்கு வந்தால், இந்த மாகாணத்தில் அப்படியொரு வேலையே இல்லை என்றார்கள். மறுபடி படி, பிரெஞ்சில் படி, பிறகு மயக்குகிற டொக்டருக்குப் பக்கத்தில் நின்று குழாயைப் பிடி என்றார்கள். படித்தேன், பிடிக்கிறேன். எல்லையைத் தாண்டும்போது என் மூளையில் பாதியைச் சுங்கத்தில் எடுத்துவிட்டார்கள் போலும்.

எங்கள் சனத்துக்கு மட்டும் நான் இன்றைக்கும் 'மயக்க மருந்து நேர்ஸ்'தான். தமிழ் ஆள் யாராவது ஒப்பரேஷனுக்கு வந்தால், கேள்வி கேட்க என்னைத்தான் கூப்பிடுவார்கள். குடிப்பீர்களா, புகைப்பீர்களா, பொய்ப்பல் உண்டா? எங்கள் ஆண்கள் இதற்கெல்லாம் பொய் சொல்லக்கூடத் தேவையில்லை. பக்கத்தில் நிற்கும் மனைவியே பதில் சொல்லிவிடுவார்.

டோர்வல் விமான நிலையத்தில் பெட்டி ஏற்றுகிற அண்ணை ஒருவர் பித்தப்பைக் கல்லோடு வந்தார்.

"குடிக்கிறனீங்களோ அண்ணை?"

"சீச்சீ," என்றார் அவருடைய மனைவி.

"பொய்ப்பல்லு?"

"அவருக்கோ? முப்பது வருஷமாப் பாக்கிறன் தங்கச்சி, ஒரு பல்லும் ஆடேல்லை."

அண்ணை வாயைத் திறக்காமல் தலையாட்டினார்.

மனைவியான அந்த அக்காவை வெளியே அனுப்பிவிட்டுக் கட்டிலைத் தள்ளிக்கொண்டு போனோம். தியேட்டர் வாசலில் அண்ணை என் கையைப் பிடித்தார். சுவர்ப்பக்கம் திரும்பி எதையோ கழற்றி டிஷ்யூவில் சுற்றித் தந்தார். முன்வாய்ப் பல் நாலு.

"வந்த முதல் விண்டர் பஸ் ஸ்டொப்பிலை சறுக்கி விழுந்தனான். கலியாணத்துக்கு ஊருக்கு அனுப்பின படம் அதுக்கு முந்தி எடுத்தது."

"அக்காவுக்குத் தெரியாதோ?"

"பாத்ரூமைப் பூட்டிப்போட்டுத்தான் கழுவுறனான். தெரிஞ்சா, ஏமாத்திக் கட்டினவன் எண்டு நினைப்பா. அவவிட்டை மட்டும் குடுத்திடாதேங்கோ தங்கச்சி."

எனக்குக் கோபம் பற்றிக்கொண்டு வந்தது. மயக்கத்தில் அந்தப் பல்லுத் தட்டு தொண்டைக்குள் போயிருந்தால் ஆள் மூச்சடைத்துச் செத்திருப்பார். செத்தாலும் பல்லோடுதான் சாவேன் என்று தியேட்டர் வாசல்வரை வந்த மனிதரை என்ன செய்வது? நன்றாக ஏசினேன். ஏசி முடித்துவிட்டு, சத்தியமாகக் கொடுக்கமாட்டேன் என்றேன். பார்க்கப் பாவமாக இருந்தது.

பல்லைப் பிளாஸ்டிக் கிண்ணத்தில் போட்டுப் பெயர் ஒட்டினேன். ஒப்பரேஷன் முடிந்து அவரை விழிக்க வைக்கிற அறையில் விட்டதும் என்னைப் பக்கத்துத் தியேட்டருக்கு அவசரமாகக் கூப்பிட்டார்கள். பத்து நிமிடம்தான் போனேன். திரும்பி வந்தால் கிண்ணம் அக்காவின் கையில். அங்கே இருந்த கியூபெக் தாதி சட்டத்துக்குப் பயந்தவர், நோயாளியின் பொருளை உறவினரிடம் சிரித்த முகத்தோடு ஒப்படைத்திருக்கிறார்.

அக்கா தெரிந்த பிரெஞ்சையெல்லாம் திரட்டி, இது தன் புருஷனுடையது இல்லை என்று அடித்துச் சொல்லிக்கொண்டிருந்தார். தாதி ஒட்டியிருந்த பெயரைத் தட்டித் தட்டிக் காட்டினார். கடைசியில் என்னை மொழிபெயர்க்கச் சொன்னார். நான் கள்ளனுக்குத் தேள் கொட்டினமாதிரி நின்றேன்.

அக்கா என்னை வெளியே இழுத்துக்கொண்டு போய்க் கிண்ணத்தைக் கையில் திணித்தார்.

"முழிச்ச உடனை அவரிட்டைக் குடுங்கோ. நான் கண்டனான் எண்டு சொல்லிப்போடாதேங்கோ."

"அப்ப, உங்களுக்குத் தெரியுமோ?"

"கலியாணம் கட்டி ரெண்டாம் கிழமையே தெரியும். அவரே சொல்லட்டும் எண்டு பாத்தன். பேந்து, சொல்லாமலே இருக்கட்டும் எண்டு விட்டிட்டன். அந்த மனுசன் எனக்குப் பயப்பிடுறது இது ஒண்டுக்குத்தான் தங்கச்சி."

அண்ணை கண்ணைத் திறந்தபோது கை வயிற்றுக்குப் போகவில்லை, வாய்க்குத்தான் போனது.

"அவ கண்டிட்டாவோ?"

"இல்லை அண்ணை."

பல்லைப் போட்டு, என் போனைக் கண்ணாடியாகப் பிடித்துப் பார்த்து, இன்னொருமுறை அழுத்திவிட்டார். அதன் பிறகுதான் கதவைத் திறந்தேன். அக்கா கதிரையிலிருந்து எழும்பி, உள்ளே இருப்பவருக்கும் கேட்கும்படி, "இப்பதானோ முழிச்சவர்?" என்று கேட்டுக்கொண்டு வந்தார்.