துணைக்கு எடுத்த குரூப்

பத்தாவது ரிசல்ட் வந்ததும் டவுன்காரர்கள் "எந்த குரூப்?" என்று கேட்பார்கள். எங்கள் தெருவில் "யார் கூட?" என்றுதான் முதலில் கேட்பார்கள். கிளியனூர் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் ஊர் எங்களுடையது. பள்ளிக்கூடம் பத்தாவதோடு முடிந்துவிடும். அதற்கு மேல் படிக்கத் திண்டிவனம் போக வேண்டும். பெண் பிள்ளை தனியாகப் பஸ் ஏறக் கூடாது. தெருவிலிருந்து இன்னொருத்தி கூடப் போக வேண்டும். அந்த இரண்டு பேரும் ஒரே குரூப்பில் இருக்க வேண்டும். சயின்ஸ் குரூப்புக்கு ப்ராக்டிகல், ஸ்பெஷல் கிளாஸ் என்று சாயங்காலம் இழுத்துக்கொண்டு போகும். காமர்ஸை மணி அடித்ததும் விட்டுவிடுவார்கள். ஒருத்தி முன்னால் வந்து இன்னொருத்தி பின்னால் வந்தால் அப்புறம் துணை எதற்கு? இந்தச் சட்டத்தை யாரும் எங்கேயும் எழுதி வைக்கவில்லை. எழுதி வைத்திருந்தால் கிழித்தாவது போட்டிருப்பேன்.

ஜோடி கிடைக்காதவளுக்கு ஷூ கம்பெனி வேன் இருந்தது. காலையில் தெருமுனைக்கே வந்து ஏற்றிக்கொண்டு போகும். வேன் நிறையப் பெண்கள் இருப்பார்கள், அதனால் அதற்கு யாரும் ஆட்சேபம் சொல்வதில்லை.

நான் நர்ஸ் ஆக நினைத்திருந்தேன். சேவை மனப்பான்மை என்று சொன்னால் பொய். அப்பாவை நிலத்தில் மல்லாட்டைச் செடி பிடுங்கும்போது பாம்பு கடித்து, முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். ஊரில் யாருக்கும் அடங்காத என் பெரியப்பா கட்டிலருகே நின்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். ஒரு நர்ஸ் வந்து, வெளியே போய் நில்லுங்கள் என்றார். பெரியப்பா மறுபேச்சுப் பேசாமல் போய் நின்றார். ஒரு பெண் சொல்லி எங்கள் வீட்டு ஆண் ஒருவர் நகர்ந்ததை அன்றைக்குத்தான் முதல்முறை பார்த்தேன். எனக்கு அந்த வேலைதான் வேண்டும் என்று தோன்றிவிட்டது. பி.எஸ்சி. நர்சிங் சேர உயிரியல் படித்திருக்க வேண்டும் என்பதையும் விசாரித்து வைத்திருந்தேன். அறிவியலில் எங்கள் பள்ளியிலேயே என் மார்க்குதான் அதிகம்.

அந்த வருஷம் எங்கள் தெருவில் என்னோடு பாஸானவள் எதிர் வீட்டுப் பெண் ஒருத்திதான். கணக்கிலும் அறிவியலிலும் தட்டுத்தடுமாறிக் கரையேறியவள். படிப்பென்றாலே அவளுக்கு வேப்பங்காய். அவளுடைய அம்மா அவளைக் கம்பெனி வேனில் ஏற்றிவிடத் தயாராக இருந்தார். என் அம்மாதான் நடையாய் நடந்து, கெஞ்சிக் கூத்தாடி, அவளையும் பிளஸ் ஒன் அனுப்பச் சம்மதிக்க வைத்தாள். ஆனால் சயின்ஸ் குரூப்பில் போட்டால் அவள் ஒரு மாதம்கூடத் தாங்க மாட்டாள் என்று எல்லோருக்கும் தெரியும். ஆகவே இரண்டு பேருக்கும் காமர்ஸ். அப்பாவும் அம்மாவும் எதிர் வீட்டில் டீ குடித்துக்கொண்டே முடிவு செய்துவிட்டு வந்தார்கள்.

அழுது பார்த்தேன். சாப்பிடாமல் இருந்து பார்த்தேன். அப்பா கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன்.

"இன்னா குரூப்பா இருந்தா இன்னாமா? போய்க்கினு வர்றதுக்கு ஒரு ஆளு வேணும் இல்ல?" என்றார்.

அட்மிஷன் அன்று என் மார்க்கைப் பார்த்த டீச்சர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். அறிவியலில் இவ்வளவு வாங்கிவிட்டு ஏன் காமர்ஸ் என்று கேட்டார். அதுதான் பிடித்திருக்கிறதாம் என்று அப்பா சொன்னார். டீச்சர் என்னைப் பார்த்தார். பக்கத்தில் எதிர் வீட்டுப் பெண் ஃபேனை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றாள். நான் வாயைத் திறந்து மாட்டேன் என்றால் அவள் வேனுக்குப் போவாள், அவள் வேனுக்குப் போனால் நானும் வேனுக்குத்தான் போக வேண்டும். ஆமாம் என்று தலையாட்டினேன்.

அவளை வெறுக்கலாம் என்று பார்த்தால் அதற்கும் வழியில்லை. ஒரு நாள் பஸ்ஸில் என் தோளில் சாய்ந்துகொண்டே, "எனக்குப் படிக்கவே இஷ்டம் இல்லடி. உனக்கோசரம்தான் வர்றேன்" என்றாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. அவளுக்காக நான் காமர்ஸ் படித்தேன், எனக்காக அவள் படித்தாள். எங்களில் ஒருத்தியாவது தனக்காகப் படித்திருக்கலாம். எங்கள் வகுப்புக்குப் போகும் வழியில்தான் லேப் இருந்தது. பிரேயர் முடிந்து வரும்போது அந்த மருந்து நெடி வரும். ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துவிட்டு, அக்கவுண்டன்சி கிளாஸுக்குத் தாமதமாகப் போய்த் திட்டு வாங்குவேன்.

அரையாண்டு லீவு முடிந்து பள்ளி திறந்த அன்று அவள் பஸ் ஸ்டாப்புக்கு வரவில்லை. திரும்பிப் போய் வீட்டில் கேட்டேன். ஜுரம் என்று வாசலிலேயே சொல்லி அனுப்பிவிட்டார்கள். சாயங்காலம் என் அம்மா உண்மையைச் சொன்னாள். அனந்தபுரம் பக்கம் ஏதோ ஒரு கோயிலில் வைத்து மாமன் மகனுக்குக் கட்டிக்கொடுத்துவிட்டார்கள். அவன் கண்டமங்கலத்தில் இருக்கிறான், பாண்டியில் வேலை. அவளுக்குப் பதினாறுகூட முடிந்திருக்கவில்லை. அதிகாரிகள் காதுக்குப் போய்விடும் என்று பத்திரிகை அடிக்கவில்லை, தெருவில் யாரிடமும் மூச்சுவிடவில்லை. என்னிடம் சொல்ல அவளை விட்டிருக்க மாட்டார்கள். அவளுக்காக அழுதேன். அப்புறம் எனக்காகவும் அழுதேன், அதை மறைப்பானேன்.

துணை இல்லை என்று என்னை ஒரு வாரம் வீட்டில் உட்கார வைத்தார்கள். பதினொன்றாம் வகுப்புக்கும் அப்போது பொதுத்தேர்வு இருந்தது. கிளாஸ் டீச்சர் போன் செய்து திட்டியதும், பரீட்சை வரைக்கும் போகட்டும் என்று அப்பா இறங்கி வந்தார். முதல் நாள் அம்மா ஸ்டாப் வரைக்கும் வந்தாள். அடுத்த நாள் அடுப்பு வேலை இருந்தது, வரவில்லை. பரீட்சை நெருங்கியதும் காமர்ஸுக்கும் ஸ்பெஷல் கிளாஸ் வைத்தார்கள். இருட்டிய பிறகு தனியாக இறங்கி, தனியாக நடந்து வீட்டுக்கு வந்தேன். கூட்டிப்போக யாரும் ஸ்டாப்பில் வந்து நிற்கவில்லை. எனக்கு ஒன்றும் ஆகவில்லை. பஸ் கூட்டத்தில் கால் மிதிபட்டது, அவ்வளவுதான். இதற்கா என் படிப்பைப் பிடுங்கினீர்கள் என்று ஒவ்வொரு நாளும் வாசற்படி ஏறும்போது கேட்கத் தோன்றும்.

அட்மிஷன் போட்ட டீச்சரிடமே போய், சயின்ஸுக்கு மாறலாமா என்று கேட்டேன். நடுவில் மாற முடியாது, பன்னிரண்டாவதிலும் மாற முடியாது, வேண்டுமானால் ஜூனில் மறுபடி பதினொன்றிலிருந்து ஆரம்பிக்கலாம் என்றார். எனக்கு அது போதும் என்று பட்டது. ஒரு வருஷம் போனால் போகிறது.

அந்த மே மாதம் தெருக்கோடி வீட்டுப் பெண் பத்தாவது பாஸானாள். அறிவியலில் என்னைவிட அதிக மார்க்கு. டாக்டர் ஆக வேண்டும் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிவாள். ஒரு நாள் காலையில் அவளுடைய அப்பாவும் அம்மாவும் அவளைக் கூட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். உங்கள் பெண்தான் டவுனுக்குப் போய் வருகிறதே, எங்கள் பெண்ணையும் சேர்த்துக் கூட்டிப் போகட்டும், அதே குரூப்பில் போட்டுவிடுகிறோம் என்றார்கள்.

அப்பா பதில் சொல்வதற்குள் நான் முந்திக்கொண்டேன்.

"நானும் திரும்பப் பதினொண்ணாவதுலேர்ந்து சேர்றேன். ரெண்டு பேரும் சயின்ஸ் எடுக்கறோம். ரெண்டு வருஷமும் ஒண்ணாவே போய்க்கினு வர்றோம்."

அவர்களுடைய சட்டப்படியே சொன்னேன். ஒரே குரூப், ஒரே பஸ், ஒரே நேரம். எந்த ஓட்டையும் இல்லை. தன் அம்மாவின் முதுகுக்குப் பின்னால் நின்றிருந்த அந்தப் பெண் தலையை நீட்டி என்னைப் பார்த்தாள். அந்த ஒரு நிமிஷம் நான் நர்ஸ் ஆகிவிட்டதாகவே நினைத்தேன்.

அப்பா அவர்களைப் பார்த்துத்தான் பேசினார். "பாஸ் பண்ண பொண்ண திரும்பவும் அதே கிளாசுல ஒக்கார வெச்சா, ஊரு ஃபெயிலுன்னுதாங்க சொல்லும். நாளிக்கி பொண்ணு கேட்டு எவன் வருவான்?"

நியாயம்தானே என்றார்கள். நான் விடவில்லை. அவளை மட்டுமாவது சயின்ஸில் சேருங்கள், ப்ராக்டிகல் முடிகிறவரை நான் காத்திருந்து கூட்டி வருகிறேன் என்றேன். வயசுப் பெண் பஸ் ஸ்டாண்டில் நிற்பாளா என்று அப்பா கேட்டார். இத்தனை மாதமாக இருட்டில் நான் தனியாகத்தானே வந்தேன் என்றேன். அது வேறு என்றார். எப்படி வேறு என்று இன்றுவரை சொல்லவில்லை. நான் பன்னிரண்டாவது முடித்துவிட்டால் அடுத்த வருஷம் இவள் யாரோடு போவாள் என்றும் கேட்டேன். அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். அவளுக்கும் காமர்ஸ் என்று முடிவானது.

இப்போது விழுப்புரத்தில் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் ஜி.எஸ்.டி. வேலை பார்க்கிறேன். வேலையைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. எனக்கு அது வேண்டியிருக்கவில்லை, அவ்வளவுதான். ஆனால் மனதில் நிற்பது என் கதைகூட இல்லை, அந்த ஜூனில் பள்ளி திறந்த நாள்தான்.

பஸ்ஸில் தெருக்கோடி வீட்டுப் பெண்ணுக்கு ஜன்னல் பக்கம் இடம் கொடுத்தேன். புது யூனிஃபார்ம், எண்ணெய் வைத்து இறுக்கிக் கட்டிய இரட்டைச் சடை. வழியெல்லாம் சந்தோஷமாகப் பேசிக்கொண்டு வந்தாள். அழுதுகொண்டு வருவாள் என்று எதிர்பார்த்திருந்த எனக்கு ஆச்சரியமாக இருந்தது. திண்டிவனம் நெருங்கும்போது கேட்டாள்.

"அக்கா, ட்வெல்த்துல சயின்ஸுக்கு மாத்திக்கலாம்னு அப்பா சொன்னாரு. டீச்சர கேட்டுட்டாராம். மாத்துவாங்க இல்ல?"

அவர் யாரையும் கேட்டிருக்க மாட்டார். கேட்டது நான். எங்கள் தெருவிலேயே அதற்குப் பதில் தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

"மாத்த மாட்டாங்க" என்றேன்.

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். சாயங்காலம் மணி அடித்ததும் ஒன்றாகக் கிளம்பி, ஒரே பஸ்ஸில் ஒன்றாக வந்து இறங்கினோம். அவளுடைய அம்மா ஸ்டாப்பில் காத்துக்கொண்டு நின்றார். பெண்ணின் முகத்தைப் பார்க்கவில்லை. நேராக என்னிடம் வந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, "நீ இருக்கறதாலதாம்மா எங்க பொண்ணு படிக்குது" என்றார்.