கணக்கில் தோற்றவள் எழுதிய பி.ஏ.

தோற்றவர்களை மட்டும் தேடிப் பிடித்துச் சேர்த்துக்கொள்கிற தொழில் ஒன்று உண்டென்றால், அது பார்வையில்லாத மாணவர்களுக்குப் பரீட்சை எழுதிக்கொடுப்பதுதான். அவர்கள் சொல்வார்கள், நாம் எழுத வேண்டும். விடை தெரிந்தாலும் மூச்சு விடக் கூடாது. மூன்று மணி நேரம் வாயை மூடிக்கொண்டு கையை ஒடித்துக்கொண்ட என் இனத்தாரே, உங்களுக்குத்தான் இது. மற்றவர்களுக்கு நம் விரல் வலி எங்கே தெரியப்போகிறது?

தகுதி

எண்பதுகளின் தொடக்கம். ஜவ்வாது மலைக்குக் கீழே ஒரு கல்லூரி. புதூர்நாட்டுப் பக்கத்து மலைக் கிராமத்திலிருந்து ருக்மணி என்ற பெண் வந்து பி.ஏ. வரலாறு சேர்ந்திருந்தாள். பிறவியிலேயே பார்வையில்லை. பாடம் வாசித்துக் காட்டவும் பரீட்சை எழுதவும் அவளுக்கு ஆள் தேடினார்கள். எழுதுகிறவர் மாணவரைவிடக் குறைவாகப் படித்திருக்க வேண்டும் என்பது விதி. கல்லூரி கிளார்க் அதை இன்னும் இறுக்கி, பத்தாவது தேறியவர்களே கூடாது என்று வைத்திருந்தார்.

நான் பத்தாவதில் கணக்கில் கோட்டைவிட்டு வீட்டில் தண்டச்சோறு என்று பெயர் வாங்கியிருந்தவள். கிளார்க் என் மார்க் ஷீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தமிழ் நன்றாக இருந்தது, கணக்கு பதினெட்டு. அந்தப் பதினெட்டைப் பார்த்து முகம் மலர்ந்த மனிதர் உலகத்தில் அவர் ஒருவர்தான். "நல்லா தோத்துக்கீறம்மா. நாளைக்கே வந்துடு!"

ஜீப்படியில் ஒரு பேச்சு

ருக்குவின் அப்பா மலையில் சாமை விதைக்கிறவர். மகளை விடுதியில் விட்டுவிட்டு, மலைக்குத் திரும்பும் ஜீப்பின் படியில் ஒரு காலை வைத்தபடி என்னைக் கூப்பிட்டார். ருக்குவுக்கு ஒரு கனவு இருந்தது. பட்டம் வாங்கிப் பட்டணம் போக வேண்டும், பார்வையில்லாத பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கப் பயிற்சி எடுக்க வேண்டும். அவருக்கு அதில் பாதி பயம், பாதி ஆசை. அவர் கோபக்காரர் இல்லை. ஆனால் சொன்னதை அப்படியே செய்கிறவர் என்பது முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. "மூணு வருசம் வுடறேன் பொண்ணே. ஒரே ஒரு பேப்பர் போச்சின்னாலும் வூட்டுக்கு இட்டுக்கினு போய்டுவேன்."

பாறைமேல் மொகலாயர்

விடுமுறை வந்தால் ருக்குவோடு நானும் மலைக்குப் போவேன். வரலாற்றுப் பேராசிரியர் இரவல் கொடுத்த டேப் ரெக்கார்டரை மடியில் வைத்துக்கொண்டு புத்தகம் புத்தகமாக வாசித்துப் பதிவு செய்ய வேண்டும். ஊருக்கு வெளியே ஒரு பெரிய பாறை. காலையில் அதன்மேல் உட்கார்ந்தால் பனி காலுக்குக் கீழே நகர்ந்துகொண்டிருக்கும். அடிவார ஊர்களெல்லாம் அதற்குள் போய்விடும், நாங்களும் டெல்லி சுல்தான்களும் மட்டும் மிச்சம். எங்கேயோ உரலில் சாமை குத்துவார்கள். யாரோ புளியமரத்தை உலுக்குவார்கள். அந்தக் காலையில் எனக்கு எந்தக் குறையும் இருந்ததில்லை. கணக்கு என்று ஒன்று இருப்பதே மறந்துவிடும்.

ஒரு நாள் வாசித்துக்கொண்டே தூங்கிப்போனேன். கண் விழித்தபோது பனி விலகியிருந்தது, கேசட் ஒரு பக்கம் முழுதும் ஓடி முடிந்திருந்தது. அழித்துவிட்டு மறுபடி வாசிக்கிறேன் என்றேன். ருக்கு கேசட்டைப் பிடுங்கித் தாவணியில் முடிந்துகொண்டாள். "இருக்கட்டும்க்கா. அக்பர் செத்துட்டாரு, நீ குறட்டை வுட்ட, அப்புறந்தான் ஜஹாங்கீரு. இனிமே மறக்கவே மறக்காது."

சாமையும் ஷேர்ஷாவும்

அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்பது முதல் வருடப் பரீட்சையில்தான் தெரிந்தது. எங்களுக்குத் தனி அறை, மேசைக்கு அந்தப் பக்கம் ஒரு மேற்பார்வையாளர். கேள்வியை நான் வாசித்ததும் ருக்கு தலையைச் சாய்த்துக்கொள்வாள். கேசட்டில் பாடத்துக்குப் பின்னால் விழுந்த சத்தங்களைப் பிடித்துக்கொண்டு விடைக்குப் போவாள். "ஜீப் ஹாரன் அடிச்சானே, அது பானிப்பட்டு. சாமை குத்தினாங்களே, அது ஷேர்ஷா" என்று முணுமுணுப்பாள். பிறகு தங்குதடையில்லாமல் கொட்டும். என் கை பின்னால் ஓடும்.

மேற்பார்வையாளர் இரண்டு மணி நேரம் பொறுத்துப் பார்த்தார். இது ஏதோ சங்கேத பாஷை என்று நினைத்து என் காகிதத்தை வாங்கி வரி வரியாகப் படித்தார். சாமையைக் காணோம். கடைசியில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு கெஞ்சாத குறையாகக் கேட்டார். "ஏம்மா, நான் யாருகிட்டயும் சொல்லமாட்டேன். ஷேர்ஷாவுக்கும் சாமைக்கும் இன்னாம்மா சம்மந்தம்?"

கடைசித் தாள்

மூன்றாம் வருடம், கடைசித் தாள், கடைசிக் கேள்வி: ரயத்துவாரி நிலவரி முறை. அதுவரை எல்லாத் தாளும் தேறியிருந்தாள். இந்தத் தாளில் தெரிந்ததெல்லாம் எழுதியாயிற்று. அது கட்டாயக் கேள்வி, அதை விட்டால் தாள் போய்விடும். ருக்கு தலையைச் சாய்த்தாள். கேசட்டுச் சத்தம் எதுவும் நினைவுக்கு வரவில்லை. "ரயத்துவாரி... ரயத்துவாரி..." என்றாள். கால் மணி போயிற்று.

எனக்கு அந்தக் கேசட் நன்றாக நினைவிருந்தது. மலைமேல் பள்ளிக்கூடத்துத் தகரக் கூரைக்குக் கீழே பதிவு செய்தது. பாதியில் மழை பிடித்துக்கொண்டது. மழைக்கு மேல் கத்தித்தான் வாசித்தேன். பேசத்தானே கூடாது? மேசையில் விரலால் லேசாகத் தட்டினால்? பத்துத் தட்டு போதும், மழை வந்துவிடும், பாடமும் வந்துவிடும். ஜீப்படியில் கால் வைத்து நின்ற அவள் அப்பாதான் கண்ணுக்குள் நின்றார். மேற்பார்வையாளர் ஜன்னல் பக்கம் திரும்பினார். என் விரல்கள் மேசைக்கு வந்துவிட்டன. ஒரே ஒரு நகம் பலகையைத் தொட்டது. அது எனக்கே சரியாகக் கேட்கவில்லை. ருக்கு நிமிர்ந்தாள். "கையை மடியில வெச்சுக்கக்கா. எனக்கே வரும்."

ஐந்து பக்கம்

வந்தது. எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. அவள் மறுபடி தலையைச் சாய்த்துக்கொண்டாள். மணி அடிக்க இருபத்தைந்து நிமிடம் இருக்கும்போது, "தகரத்துல சடசடன்னு வந்துச்சுல்ல" என்று மெல்லச் சிரித்தாள். சித்திரை வெயிலில் மேற்பார்வையாளர் மிரண்டுபோய் வானத்தைப் பார்த்தார். ஐந்து பக்கம் சொன்னாள். முதல் இரண்டு பக்கம் எழுதும்போது எனக்குக் காகிதமே தெரியவில்லை, கண் அப்படிக் கலங்கியிருந்தது.

முடிவு வந்தது, தேறியிருந்தாள். சேதி சொல்ல மலைக்குப் போனேன். அவள் அப்பா பலாப்பழம் ஒன்றைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்து என் முன்னால் வைத்தார். மாலையில் ருக்குவும் நானும் பழைய பாறையில் உட்கார்ந்தோம். பனி ஏறிக்கொண்டிருந்தது. மூன்று வருடமாக நான் கணக்குத் தாளை மறுபடி எழுதப் போகவே இல்லை. தப்பித் தவறித் தேறிவிட்டால் கிளார்க் என்னை அனுப்பிவிடுவாரே! வீட்டில் சோம்பேறி என்றார்கள், நானும் ஆமாம் என்று இருந்துவிட்டேன். ருக்குவிடம் இதை ஒரு நாளும் சொன்னதில்லை. அவள் பனிப்பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு, என் வீங்கிய விரலைத் தேடிப் பிடித்தாள். "போதும்க்கா, எனக்காகத் தோத்தது. இந்தத் தடவ போய் கணக்கு எழுது."

எழுதினேன், சரியாக முப்பத்தைந்து வாங்கித் தேறினேன், வாழ்க்கையில் எனக்கு உருப்படியாகத் தெரிந்திருந்த ஒரே வேலைக்கு அன்றோடு தகுதி இழந்தேன்.