புள்ளடியும் சுண்ணாம்புக் கோடும்

சட்டமா அதிபர் வீடு வீடாக வாக்குக் கேட்பார் என்று கொழும்பில் யாராவது சொல்லியிருந்தால் என் கணவர் சிரித்தே செத்திருப்பார். அரசாங்கத்துக்கே தலைமை வழக்கறிஞர்; அங்கே அது நியமனப் பதவி. நீதிமன்றங்களில் வழக்குப் பேசும் அப்புக்காத்தாக இருந்த காலமெல்லாம், அந்தப் பெரியவரை இவர் கார்க் கண்ணாடிக்குள்தான் கண்டிருக்கிறார்.

எழுபதுகளின் நடுவில் சிட்னிக்கு வந்தோம். அப்புக்காத்து ரயில்வே களஞ்சியத்தில் கிளாக் ஆனார். கறுப்பு அங்கி அலுமாரியில் தொங்கியது. இங்கே வழக்காட வேண்டுமென்றால் சட்டத்தை முதலாம் ஆண்டிலிருந்து திரும்பப் படிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள்.

"நாப்பது வயசில பெடியளோடை போய் வாங்கில இருக்கவோ? என்னால ஏலாது."

அதற்குப் பிறகு அந்தக் கதையை எடுத்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்வார். சின்னப் பெடியளோடு வகுப்பு பெஞ்சில் உட்காரமாட்டேன் என்ற அவருடைய பிடிவாதத்தோடு மல்லுக்கட்ட என்னாலும் முடியாது.

அப்போதுதான் மாநிலத் தேர்தல் வந்தது. எங்கள் தொகுதியில் நின்ற ஒரு வழக்கறிஞர், கட்சி வென்றால் தானே சட்டமா அதிபர் என்றார். வெளிநாட்டிலிருந்து வந்த வழக்கறிஞர்களுக்கு அந்தப் படிப்பைக் குறைத்துத் தருவதாகவும் ஒரு கூட்டத்தில் சொன்னார். அன்றிலிருந்து வீட்டில் அந்த வேட்பாளரைப் பற்றிய பேச்சுத்தான். என் கணவர் அங்கியை எடுத்து வெயிலில் போட்டார். அந்தக் காலத்தில், பொதுநலவாய நாட்டவர் என்பதால், எங்களைப் போன்ற இலங்கைக்காரருக்கும் இங்கே வாக்கு இருந்தது.

தேர்தலன்று பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்குப் போனோம். துவக்கோடு பொலிஸ் இல்லை, கூச்சல் இல்லை. தாய்மார் மேசை போட்டு கேக் விற்றார்கள். கேற்றடியில் அந்த வேட்பாளரே நின்று, வந்தவர்களுக்கெல்லாம் துண்டுப் பிரசுரம் நீட்டிக்கொண்டிருந்தார். வெயிலில் கழுத்துச் சிவந்திருந்தது. ஒரு கிழவி வேண்டாம் என்று கையைத் தட்டிவிட்டாள். அவர் தொப்பியைத் தொட்டு அவளுக்கு நன்றி சொன்னார்.

உள்ளே, நூலில் கட்டிய பென்சிலால் வாக்குப் போட்டுவிட்டு வந்தோம்.

"ஒண்டு, ரெண்டு, மூண்டு எண்டு ஒழுங்காப் போட்டியளோ?" என்று கேட்டேன்.

"இலக்கமோ? நான் அவற்றை பேருக்கு நேரே புள்ளடியெல்லோ போட்டனான்!"

ஊர்ப் பழக்கம். அங்கே பெயருக்கு நேரே பெருக்கல் குறிபோல ஒரு புள்ளடி போதும். இங்கே எல்லாப் பெயருக்கும் வரிசையாக இலக்கம் போட வேண்டும். புள்ளடி போட்டால் வாக்குச் செல்லாது. பிரசுரத்தில் அது கொட்டை எழுத்தில் இருந்தது. படித்த மனுசன் அதை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்திருந்தார்.

"அப்புக்காத்தாம் அப்புக்காத்து!" என்றேன். அவர் முகம் வெளிறியதைக் கண்டதும் எனக்கே பாவமாகிவிட்டது.

நேரே வேட்பாளரிடம் போய், இன்னொரு வாக்குச்சீட்டு வாங்கித் தர முடியுமா என்று கேட்டார். கடும் போட்டி, ஒவ்வொரு வாக்கும் அந்த மனிதருக்குத் தங்கம். எங்களோடு நடந்து வந்தார். மண்டப வாசலுக்குச் சற்று முன்னால் தரையில் ஒரு சுண்ணாம்புக் கோடு. அதனடியில் நின்றுவிட்டார். வாக்குக் கேட்கிறவர்கள் இதைத் தாண்டக்கூடாது, நீங்களே போய்க் கேளுங்கள் என்றார். அவருடைய சப்பாத்து நுனிகூடக் கோட்டில் படவில்லை.

மேசைக்குப் பொறுப்பாக இருந்தவள் ஓர் இளம் ஆசிரியை. பெட்டிக்குள் விழுந்தது விழுந்ததுதான், வேறு சீட்டுத் தரமாட்டேன் என்றாள். வாசலுக்கு வந்து, கோட்டுக்கு அப்பால் நின்றவரிடமும் அதையே சொன்னாள். நாளைக்கு மாநிலத்தின் சட்டமா அதிபராக வரக்கூடியவரிடம், ஒரு சின்னப் பெண்! அவள் சொல்வதுதான் சரி என்று அவர் தலையாட்டினார். என் கணவரின் தோளில் தட்டிவிட்டு, மறுபடி கேற்றடியில் போய் நின்றார். அப்படியொரு காட்சியை நான் அதற்கு முன் கண்டதில்லை. என் கணவர் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். கையைப் பிடித்து இழுத்துத்தான் வீட்டுக்குக் கூட்டிவந்தேன்.

அந்த மனிதர் தோற்றுப்போனார். ஞாயிறு காலை ரேடியோவில் சொன்னார்கள். என் கணவர் சாப்பிடாமல் எழுந்து போய், அங்கியை மடித்துச் சூட்கேசுக்குள் வைத்தார். இனி அந்தக் கதை முடிந்தது என்று நானும் விட்டுவிட்டேன்.

திங்கட்கிழமை வேலையால் பிந்தி வந்தார். தேத்தண்ணியைக் கையில் வாங்கிக்கொண்டு, "பின்னேர வகுப்புக்குப் பேர் குடுத்திட்டு வாறன்" என்றார்.

"என்ன வகுப்பு?"

"சட்டம்தான். முதலாம் வருசம்."

"பெடியளோடை வாங்கில இருக்க ஏலாது எண்டனீங்கள்?"

"அந்த மனுசன் கோட்டடியில நிண்டதை நீரும் பாத்தனீர்தானே," என்றார். "நான் வாங்கில இருந்தா என்ன?"