கண் மூடிய படம்

பக்கத்து வீட்டு மார்கரெட் என் மகளைக் காணும்போதெல்லாம் கைப்பையிலிருந்து ஒரு ரிஷூத் தாளை எடுத்து, அவள் கன்னத்துக் கறுப்புப் பொட்டை மெல்லத் துடைத்துவிடுவாள். அழுக்கு என்று நினைக்கிறாள். நாவூறு படாமல் இருக்க வைத்தது என்பதை என் ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது? "தாங்க்யூ" என்பேன். அவள் உதவி செய்த திருப்தியுடன் போவாள். நான் உள்ளே வந்து மறுபடி பொட்டு வைப்பேன். ஊரை விட்டு நோர்பரிக்கு வந்து இத்தனை வருடத்தில் நான் கற்ற நாகரிகம் இவ்வளவுதான்.

அவள் வீட்டு நடையில் பேரப்பிள்ளையின் படம் தொங்குகிறது. வெள்ளைக் கம்பளியில் கண்மூடித் தூங்கும் குழந்தை. என்ன வடிவு! எனக்கும் ஆசை பிடித்துவிட்டது. கணவர் புதிதாக வாங்கிய டிஜிட்டல் கமெராவும் வீட்டில் சும்மாதான் கிடந்தது. ஒரு ஞாயிறு மத்தியானம், யன்னலால் வெளிச்சம் நன்றாக விழுந்த நேரம், கட்டிலில் வெள்ளை விரிப்பு விரித்து, பால் குடித்து உறங்கிய மகளைக் கிடத்தினோம். படத்தில் கறையாகத் தெரியும் என்று அன்றைக்கு நானே பொட்டைத் துடைத்தேன். கை இரண்டையும் நெஞ்சில் சேர்த்து வைத்தேன். வெறுமையாக இருக்கிறதே என்று சுற்றிவர வெள்ளை ரோசா இதழ் தூவினேன். கணவர் கதிரையில் ஏறி நின்று எடுத்தார். ஒரு பிரதியை நடையில் மாட்டினோம். மற்றதை ஊரில், கொக்குவிலில் இருக்கும் அக்காவுக்கு அனுப்பினேன். இது சமாதானப் பேச்சு நடக்கும் காலம், தபால் ஒழுங்காகப் போகிறது. பிள்ளையை அக்கா இன்னும் காணவில்லை. அவளுக்குப் போன முதல் படமே அதுதான்.

ஒரு காலை போன் அடித்தது. அக்கா சந்திக் கடையிலிருந்து எடுத்திருந்தாள். பேச்சே இல்லை, ஒப்பாரிதான்.

"எப்பயடி நடந்தது? ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"என்னக்கா நடந்தது?"

"பிள்ளை எங்க?"

"பிள்ளை சுகம் அக்கா. நித்திரை கொள்ளுறாள்."

அதைக் கேட்டு இன்னும் உரத்து அழுதாள். எங்கள் ஆட்கள் சாவுச் செய்தியை நேரே சொல்லமாட்டார்கள். "கொஞ்சம் கடுமை" என்று தொடங்கிப் படிப்படியாகத்தான் இறக்குவார்கள். கடல் கடந்த செய்தி என்றால் கேட்கவே வேண்டாம். நான் சொன்ன "சுகம்" முதல் படி என்றே அவள் எடுத்துக்கொண்டாள்.

"அந்தப் படத்தை ஏனடி எனக்கு அனுப்பினனி?" என்றாள்.

அப்போதுதான் நடையில் தொங்கிய படத்தைத் திரும்பிப் பார்த்தேன். வெள்ளைத் துணி, பூ, நெஞ்சில் கை, பொட்டில்லாத முகம். இடம்பெயர்ந்து பள்ளிக்கூடம் ஒன்றில் இருந்தபோது அக்காவின் மூத்தவன் காய்ச்சலில் போனான். அவனையும் இப்படித்தான் கிடத்தியிருந்தோம். அவனுக்கு உயிரோடு ஒரு படமும் இல்லை. யாரோ கமெரா கொண்டுவந்து அன்று எடுத்தது ஒன்றுதான். அவனைச் சுற்றிப் பூ வைத்தவள் நான். அதே கைதான் இங்கேயும் இதழ் தூவியது. எனக்கு எப்படித் தெரியாமல் போனது? ஒரு நாடு மனிதரின் கண்ணைக்கூடவா மாற்றிவிடும்?

"சத்தியமா உயிரோட இருக்கிறாள் அக்கா!"

"அப்ப அழப்பண்ணு. நான் கேக்கவேணும்."

ஓடிப்போய்த் தூக்கினேன். பால் மயக்கம், கண் திறக்கவில்லை. உலுக்கிப் பார்க்கவும் பயம். அங்கே அக்கா கத்துகிறாள். வேறு வழியில்லாமல் தொடையில் கிள்ளினேன். மகள் வீரிட்டாள். போனை அவள் வாயருகே பிடித்தேன். என் கண்ணும் நிறைந்து வழிந்தது.

நான் தோளில் போட்டு ஆற்றப் பார்த்தபோது அக்காவின் குரல் கேட்டது.

"நிப்பாட்டாதை. கொஞ்ச நேரம் அழட்டும்."

பிறகு கண் திறந்திருக்கும்போது ஒன்று எடுத்து அனுப்பினேன். கன்னத்தில் பெரிய பொட்டு, வாய் நிறைய அழுகை. அசைந்ததில் படம் கொஞ்சம் கலங்கல். அக்கா அதை மகனின் படத்துக்குப் பக்கத்தில் வைக்காமல் எதிர்ச்சுவரில் மாட்டியிருக்கிறாளாம். முதல் படத்தை என்ன செய்தாள் என்று நான் கேட்கவில்லை.

இங்கே அது இன்னும் நடையில்தான் தொங்குகிறது. கழற்றினால் மார்கரெட் ஏனென்று கேட்பாள். வரும்போதெல்லாம் அதன் முன்னால் நின்று "ஏஞ்சல்" என்கிறாள். "தாங்க்யூ" என்கிறேன். அவள் போனதும் உள்ளே ஓடி, தூங்கும் பிள்ளையின் மூக்கடியில் விரல் வைத்துப் பார்க்கிறேன்.