தின்று தீர்த்த பழி

வெட்கத்தை விட்டே சொல்லிவிடுகிறேன். மரகதம் நர்சம்மா போய்விட்டார் என்று போன் வந்தபோது, செஞ்சியில் ஒரு கல்யாண மண்டபத்தில் பந்தியில் உட்கார்ந்திருந்தேன். அது இரண்டாவது பந்தி. முதல் பந்தியிலும் நான் இருந்தேன். இலையை மூடிவிட்டு எழுந்தேன். வடையை மட்டும் முந்தானையில் முடிந்துகொண்டேன். அவர் பார்த்திருந்தால், "இன்னொண்ணு எடுத்துக்கோடி" என்றுதான் சொல்லியிருப்பார்.

நான் அஞ்சாவதோடு நின்றவள். பஸ் ஸ்டாண்டில் வேகவைத்த மல்லாட்டை விற்கிறேன், நீங்கள் வேர்க்கடலை என்பீர்களே அது. எழுத்தில் பிழை இருந்தால் திருத்திப் படியுங்கள். கோபத்தைத் திருத்த வேண்டாம், அது சரியாகத்தான் இருக்கிறது.

எனக்கு முதலில் பிறந்தது பெண். ஒரு கிலோ எழுநூறு. பதினோரு நாள் இருந்தாள். வயிற்றில் அவள் இருந்த மாதமெல்லாம் மாமியார் எனக்கு அளந்துதான் சோறு போட்டார். "புள்ள பெருத்தா கத்தி வச்சித்தான் எடுப்பாங்க. சின்னதா இருந்தா வழுக்கிக்கினு வந்துடும்." வழுக்கிக்கொண்டுதான் வந்தாள்.

மறுபடி முழுகாமல் இருந்தபோதுதான் மரகதம் நர்சம்மா எங்கள் ஊருக்கு மாற்றலாகி வந்தார். முதல் பிள்ளைக்குப் போட்ட என் பழைய கர்ப்பிணி அட்டையை வாங்கிப் பார்த்தார். அதில் என் எடை நாற்பத்தைந்தில் தொடங்கி மாதாமாதம் அழகாக ஏறியிருந்தது. முன்பிருந்த நர்சு என்னை ஒரு நாளும் மெஷினில் ஏற்றியதில்லை. உட்கார்ந்த இடத்திலேயே எழுதிவிடுவார். இவர் ஏற்றினார். முப்பத்தொன்பது.

"அட்டையில இருக்கற பொம்பள யாருடி? நல்லா சாப்ட்டிருக்கா பாரு," என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கு வரவில்லை. "அன்னிக்கே ஏத்திப் பாத்திருந்தா உன்னப் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பியிருப்பாங்க. ஒடம்புல ரத்தமே இல்ல."

மாமியாரையும் அந்த நர்சையும் சும்மா விடமாட்டேன் என்று அழுதேன். மன்னித்துவிடு என்பார் என நினைத்தேன். "விடாத," என்றார். "ஆனா வெறும் வயித்தோட பழிவாங்க முடியாது. தின்னு. அவங்க கண்ணெதிர்ல உக்காந்து தின்னு."

அதன்பிறகு சரியாகச் சோற்று நேரத்துக்கு வருவார். பக்கத்தில் உட்கார்ந்து, மாமியாரையே பரிமாற வைப்பார். கீரை, முட்டை, ஒரு கை மல்லாட்டை. சத்து மாத்திரையை விழுங்கி, வாயைத் திறந்து காட்ட வேண்டும். முதல் பிள்ளையின்போது அதைக் கோழிக்கூண்டுக்குப் பின்னால் வீசியவள் நான். அந்தப் பழி என்மேலும் இருக்கிறது.

"கத்தி வச்சிக் கிழிச்சா யாரு நர்சம்மா பாக்கறது?" என்று மாமியார் முனகுவார்.

"நான் பாத்துக்கறேன். நீ கொழம்ப ஊத்து."

ஒவ்வொரு கவளத்தையும் மாமியார் முகத்தைப் பார்த்துக்கொண்டே மென்றேன். அந்த ருசி இன்றுவரை எந்த பிரியாணியிலும் கிடைக்கவில்லை.

பழைய நர்சையும் நர்சம்மா விடவில்லை. ஆஸ்பத்திரி மீட்டிங் ஒன்றில் அதிகாரிகள், நர்சுகள் எல்லார் முன்னாலும் என்னை மெஷினில் ஏற்றி, "அட்டைய எழுதனவங்க வந்து முள்ளப் படிங்க," என்றார். ஒருவரும் எழுந்து வரவில்லை. அடுத்த வருஷமே அந்த அதிகாரிகள் நர்சம்மாவைத்தான் வேறு ஊருக்குத் தூக்கிப் போட்டார்கள். போட்டவர்களில் இரண்டு பேர் நீங்கள், அவர் ஊரான அவலூர்பேட்டையில் அவர் பிணத்தை எடுத்த அன்று பெரிய மாலையோடு வந்திருந்தீர்கள். பார்த்தேன்.

இரண்டாவது பெண் மூன்று கிலோ நூறு. கத்தி வைக்கவில்லை. குழந்தையைத் தராசில் கிடத்தி, மாமியாரைக் கூப்பிட்டார் நர்சம்மா. மாமியாருக்குப் படிக்கத் தெரியாது. "முள்ளு எவ்ளோ தூரம் போயி நிக்குது பாரும்மா. மொத புள்ளைக்கு இதுல பாதிதான்." மாமியார் பார்த்தார். நான் மன்னிக்கவில்லை.

அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அந்தச் சோற்று நேரம். எங்கள் தெருவில் யார் முழுகாமல் இருந்தாலும், மதியம் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்துவிடுவேன். மாமியார்களுக்கு என்னைக் கண்டால் ஆகாது. எனக்கு அதில் ரொம்ப சந்தோஷம்.

கருமாதிச் சாப்பாட்டுக்கு என் மாமியாரும் வந்தார். என் பக்கத்து நாற்காலிதான் காலியாக இருந்தது. நர்சம்மா நினைவாக நான் மூன்றாம் தடவை சோறு கேட்டபோது, என் பிளாஸ்டிக் நாற்காலியின் கால் மடங்கியது. பிடிமானத்துக்குக் கையை நீட்டினேன். பரிமாறுகிறவரின் சாம்பார் வாளிதான் அகப்பட்டது. அது மாமியார் மடியில் கவிழ்ந்தது. சாம்பார் ஆறித்தான் இருந்தது.